செவுளின் சிவப்பு

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் சமையலறையில் ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அது பழைய மீன் என்று அம்மாவும் நானும் தீர்ப்பு சொன்னோம். தீர்ப்பு என்பது பெரிய சொல்லாகத் தெரியலாம். ஆனால் அதற்குப் பிறகு மீன்கார ஆயா எங்கள் தெரு வழியாகப் போனாலும் எங்கள் வாசலில் கூடையை இறக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றியும், அப்போது எரிந்துகொண்டிருந்த பல்பைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன்.

திருவொற்றியூரில் எங்களுடையது பழைய வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. உச்சி வெயிலிலும் லைட் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். அங்கே ரொம்ப காலம் 60 வாட் குண்டு பல்பு எரிந்தது. வீடு முழுக்க ட்யூப்லைட், சி.எஃப்.எல்., எல்.இ.டி. என்று மாறிக்கொண்டே வந்தபோதும் அம்மா சமையலறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "அந்த வெளிச்சத்துலதான் கொழம்பு கொழம்பா தெரியுது" என்பாள். நான் சிரிப்பேன். 2023 தீபாவளிக்கு முன்னால் அது ஃப்யூஸ் ஆனது. நான் 9 வாட் எல்.இ.டி. வாங்கி மாட்டினேன். கூல் டேலைட். "இப்ப பாரும்மா, எப்படிப் பளிச்சுனு இருக்கு."

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகுகள், வலைகள், அலையாத்திச் செடிகள் எல்லாம் கறுத்துக் கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்கடுத்த சில வாரங்கள் எங்கள் பக்கம் மீன் என்றாலே ஜனங்களுக்கு ஒரு தயக்கம். எந்த மீன் எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை, வாங்காமல் இருந்தார்கள். அம்மாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2021-ல் கொரோனா வந்துபோனதிலிருந்து அவளுக்கு வாசனை சரியாகத் தெரிவதில்லை. முகர்ந்து வாங்கிய மீனை இப்போது கண்ணால் மட்டும் பார்த்து வாங்க வேண்டியிருந்தது.

ஆயா வழக்கம்போல ஆறு மணிக்கு வந்தார். ஜனவரியில் ஆறு மணி என்றால் இருட்டுதான். "காசிமேட்டுல இப்பத்தான் ஏலத்துல எடுத்தாந்தேன், இன்னா கலரு பாரு கண்ணு." அம்மா ஒரு சங்கராவை உள்ளே எடுத்துப்போய் பல்புக்கு அடியில் செவுளைத் தூக்கினாள். முகம் சுருங்கியது. என்னைக் கூப்பிட்டாள். செவுள் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. நான் இன்னும் ஒரு படி மேலே போய் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் தெரிந்தது. "ஆமாம்மா, டல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அம்மா வெளியே போய் மீனை அன்னக்கூடையில் திருப்பி வைத்தாள். "எண்ணெய்த் தண்ணின்னு ஊரே பயந்துகெடக்கு. நீ நேத்து மீன எங்க தலையில கட்டப் பாக்கறியேக்கா." ஆயா செவுளைத் தூக்கித் தெருவிளக்கில் காட்டினார். "நல்லா பாரும்மா." அம்மா பார்க்கவில்லை. நான் கையில் போனோடு வாசல்படியில் நின்றிருந்தேன், சாட்சி மாதிரி. ஆயா என்னையும் போனையும் ஒரு தடவை பார்த்தார். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. உண்மையைச் சொன்னால், அம்மா ஏமாறாமல் பார்த்துக்கொண்டோம் என்று சின்னதாக ஒரு திருப்திகூட இருந்தது.

நாலைந்து மாதம் கழித்து தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குத் துணி எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்குப் போயிருந்தோம். அரக்குச் சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி. கடைக்குள் இரண்டும் அச்சு அசல் ஒரே நிறம். பில் போடச் சொன்னேன். துணி எடுத்துப்போட்ட பையன் சொன்னான்: "எதுக்கும் வாசல்ல ஒருவாட்டி பாத்துருங்க சார். லைட்டுல ஒண்ணு மாதிரி தெரியும்." வாசலில் கொண்டுபோய்ப் பிடித்தால் சேலை அரக்கு, பிளவுஸ் துணி கிட்டத்தட்ட செங்கல் பொடி. தங்கை என்னைப் பார்த்து சிரித்தாள். இரண்டு துணிகள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர் உண்டு. அந்தப் பையனுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. எந்த வெளிச்சத்தை நம்பக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

மெட்ரோவில் திரும்பி வரும்போதுதான் சங்கராவின் செவுள் ஞாபகத்துக்கு வந்தது. அன்று ராத்திரி சமையலறை பல்பின் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். பொடி எழுத்தில் 'சி.ஆர்.ஐ. 80-க்கு மேல்' என்று போட்டிருந்தது. நூற்றுக்கு எண்பது. டிஸ்டிங்ஷன்.

சி.ஆர்.ஐ. என்பது ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு நம்பகமாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண். சர்வதேச ஒளியியல் ஆணையம் 1965-ல் கொண்டுவந்து, 1974-ல் திருத்திய முறை இது. குறிப்பிட்ட சில நிற மாதிரிகளை எடுத்துக்கொண்டு, அவை ஒரு மேற்கோள் வெளிச்சத்தில் எப்படி இருக்கும், இந்த விளக்கில் எப்படி இருக்கும் என்று கணக்கிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். பெட்டியில் அச்சாகும் எண் முதல் எட்டு மாதிரிகளின் சராசரி. அந்த எட்டும் வெளிறிய, அடக்கமான நிறங்கள். ஒன்பதாவது மாதிரிதான் அடர் சிவப்பு. அதன் மதிப்பெண்ணை ஆர் 9 என்பார்கள். அது சராசரியில் சேராது. 80 வாங்கிய பல்பு ஒன்றின் ஆர் 9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சர்வசாதாரணம்.

நான் வேலை செய்யும் துறையில் இது பழகின கதை. எட்டு டெஸ்ட் கேஸ் கொடுத்தால் எட்டும் பாஸ் ஆகிற மாதிரி கோடு எழுதுவோம். ஒன்பதாவது கேஸ் புரொடக்‌ஷனில் யாரோ ஒருவரின் தலையில் விடியும்.

சிவப்பு ஏன் விடுபடுகிறது? வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த நீலம் அது. அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசுகிறார்கள். நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக்குள் அடர் சிவப்பு மிகக் குறைவு. சிவப்பு பாஸ்பரும் சேர்க்கலாம், ஆனால் செலவு கூடும், லூமன் குறையும். லூமன் என்பதே மனிதக் கண்ணின் கூர்மையை வைத்து எடைபோட்ட அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையைத்தான் அதிகம் உணர்கிறது. 650 நானோமீட்டர் சிவப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கு மதிப்புதான். ஆகவே ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்று போட்டி வைத்தால், முதலில் வெளியே தள்ளப்படுவது சிவப்பு. நட்சத்திரம் கொடுப்பதும் வாட்டுக்கு எத்தனை லூமன் என்பதை வைத்துத்தான்.

இதில் வில்லன் யாரும் இல்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடு முழுக்க 36 கோடிக்கும் மேல் எல்.இ.டி. பல்புகள் போய்ச் சேர்ந்தன. 2014-ல் அரசு 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த பல்பு, சில வருஷங்களில் 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. கரன்ட் பில்லுக்குப் பயந்து இருட்டில் உட்கார்ந்த வீடுகளுக்கு வெளிச்சம் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் கேள்வி வேறு: அந்த வெளிச்சத்தில் நான் ஒருவரைப் பற்றி முடிவெடுத்தேனே, அதற்கு யார் பொறுப்பு?

மீனின் செவுள் சிவப்பாக இருப்பது ரத்தத்தால். நேரம் ஆக ஆக ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து பழுப்பாகும். சிவப்பிலிருந்து பழுப்புக்குப் போகும் அந்தத் தூரத்தைத்தான் அம்மா இத்தனை வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய 60 வாட் பல்பில் சிவப்பு தாராளமாக இருந்தது. நான் மாட்டிய பல்பு அந்த அளவுகோலின் ஒரு முனையை உடைத்துவிட்டது. என் போன் டார்ச்சும் அதே நீலச் சில்லு, அதே மஞ்சள் பூச்சு. ஒரு சாட்சியின் வாக்குமூலத்தைச் சரிபார்க்க அவனுடைய தம்பியைக் கூப்பிட்டுக் கேட்ட மாதிரி.

அப்படியானால் எந்த பல்பு உண்மையைச் சொல்கிறது? இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மஞ்சள் சாயலுள்ள விளக்குகளுக்கு சி.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ளும் மேற்கோள், சூடேறி எரியும் பொருளின் ஒளி. அதாவது கிட்டத்தட்ட குண்டு பல்பேதான். அதனால் குண்டு பல்புக்கு ஏறக்குறைய 100 மதிப்பெண். ஆனால் குண்டு பல்பில் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்துப் பார்க்கத் தடுமாறியிருப்பீர்கள். நெருப்பு, விளக்கு, சூரியன் என்று மனிதன் பழகிய வெளிச்சங்களை உண்மை என்று வைத்துக்கொண்டு மற்றதை அளக்கிறோம். நிறம் பொருளில் மட்டும் இல்லை. பொருள், வெளிச்சம், கண் மூன்றும் சேர்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது.

அந்தப் பட்டியலில் யாருடைய கண்ணும் யாருடைய தோலும் இருக்கின்றன என்பதும் கேட்க வேண்டியதுதான். பதின்மூன்றாவது மாதிரி மனிதத் தோல். வெள்ளையரின் தோல். ஜப்பானியர்கள் தங்கள் தோலுக்காகப் பதினைந்தாவது மாதிரியைச் சேர்த்துக்கொண்டார்கள். என் அம்மாவின் கறுப்புக்கு அங்கே இடமில்லை. 2015-ல் அமெரிக்காவில் வந்த டி.எம்.-30 என்ற புதிய முறை 99 மாதிரிகளை வைத்து அளக்கிறது. ஆனாலும் கடையில் பெட்டிமேல் இருப்பது பழைய எண்தான். மருத்துவமனையில் இது விளையாட்டில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் உதடும் நகக்கண்ணும் நீலம் பாயும். தவறான விளக்கு அதை மறைக்கலாம், இல்லாத நீலத்தைக் காட்டவும் செய்யலாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1997-லேயே நோயாளிகளைப் பார்க்கும் அறைகளின் விளக்குக்கு இதற்கென்று தனிக் குறியீடு வைத்தன. பார்ப்பதற்கு முன் விளக்கைப் பார் என்பதுதான் அந்தத் தரநிலையின் சாரம்.

1877-ல் வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவருக்கு வருகிறது. இத்தனை பயணம் தாங்கிய கப்பல்தானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, ஜனங்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. கிளிஃபோர்ட் அதோடு விடவில்லை. அதே கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்கிறார். நம்பியது சரியாகப் போனதா என்பது பிரச்சினை இல்லை. அதை நம்ப அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த உதாரணம் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கிறது. அன்றைக்கு ஆயா கொண்டுவந்த சங்கரா புதிதா பழசா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருவேளை பழசாகக்கூட இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும் அதைச் சொல்ல அன்று எனக்கு உரிமை இல்லை.

ஆனால் எனக்கும் அந்த முதலாளிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்குச் சந்தேகம் வந்தது, அமுக்கினார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏன் வரவில்லை? நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பக்கத்து ரோடுகளில் சோடியம் விளக்குகள் எரிந்தன. கன்டெய்னர் லாரி வரிசை முழுக்க ஒரே மஞ்சள். சிவப்புச் சட்டை பழுப்பு, நீலச் சட்டை கறுப்பு. அந்த விளக்குகளின் சி.ஆர்.ஐ. 20 சொச்சம்தான். ஆனால் அதன் கீழே நின்று யாரும் துணி நிறம் பார்க்க மாட்டார்கள், மீன் செவுள் பார்க்க மாட்டார்கள். அது பொய் சொல்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். 80 வாங்கிய பல்பு அப்படியில்லை. எல்லாம் தெரிகிறது, பளிச்சென்று தெரிகிறது, ஒன்றே ஒன்று மட்டும் இல்லை. இல்லாதது எது என்று அந்த வெளிச்சத்துக்குள் நின்று கண்டுபிடிக்க முடியாது. இருட்டில் தடவித் தடவி நடக்கிறோம். பளிச்சென்ற அரைகுறை வெளிச்சத்தில்தான் தைரியமாக அடுத்தவரைத் திருடர் என்கிறோம்.

சரி, நல்ல பல்பு வாங்கிவிடலாம் என்று தேடினேன். சி.ஆர்.ஐ. 95, ஆர் 9 தொண்ணூறு. எங்கள் தெரு எலக்ட்ரிக்கல் கடைக்காரர் இப்படி ஒரு கேள்வியைக் கேள்விப்பட்டதில்லை. "வெள்ளையா மஞ்சளா, அத சொல்லு தம்பி." ஆன்லைனில் கிடைத்தது. நான்கு மடங்கு விலை. விலையைவிட இன்னொன்று தடுத்தது. இந்த பல்புக்கு அதே வெளிச்சம் தர இரண்டு வாட் அதிகம் வேண்டும்.

இரண்டு வாட் என்று சிரிக்கலாம். நான் எண்ணூருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடினார்கள், ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து கிடக்கிறது. செப்பாக்கம் மக்கள் சாம்பல் குளத்தை ஒட்டி வாழ்கிறார்கள். ஆகவே கணக்குப் போட்டேன். வீட்டில் எட்டு பல்பு, தினம் ஐந்து மணி நேரம், தலைக்கு இரண்டு வாட்: வருஷத்துக்கு 29 யூனிட். யூனிட்டுக்கு சுமார் 700 கிராம் நிலக்கரி என்றால் 20 கிலோ. நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். ஆக ஏழு கிலோ சாம்பல். என் வீட்டில் சிவப்பு சரியாகத் தெரிய, ஆற்றங்கரையில் யாரோ ஒருவரின் பக்கத்தில் ஏழு கிலோ சாம்பல் கொட்ட வேண்டும். சாம்பலுக்கு ஆர் 9 தேவையில்லை. எந்த பல்பிலும் அது சாம்பலாகத்தான் தெரியும்.

கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பெட்ரூம் ஏ.சி. அந்த 29 யூனிட்டை மூன்று நான்கு ராத்திரியில் குடித்துவிடும். பல்புக்குக் கணக்குப் போட்டவன் ஏ.சி.க்குப் போடவில்லை. போட்ட பிறகு, ஏ.சி.யை விடியற்காலை நான்கு மணிக்கு அணைக்க டைமர் வைத்தேன். கடைசியில் நல்ல பல்பு இரண்டு மட்டும் வாங்கினேன். ஒன்று சமையலறைக்கு. இன்னொன்று கூடத்தில், அம்மா உட்காரும் இடத்துக்கு மேலே. எங்கே நாம் பொருளையோ மனிதரையோ பார்த்து முடிவெடுக்கிறோமோ, அங்கே மட்டும். பாத்ரூமுக்கும் மாடிப்படிக்கும் பழையதே போதும்.

பல்பு வந்த ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய், ஏலம் முடிந்த கையோடு ஒரு சங்கரா வாங்கிவந்தேன். பழைய எல்.இ.டி.க்குக் கீழே செவுளைத் தூக்கினேன். காப்பிப்பொடி. பல்பை மாற்றினேன். சிவப்பு. அம்மா இரண்டையும் பார்த்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக்கா எங்க விக்குதுன்னு விசாரி" என்றாள்.

மார்க்கெட்டுக்கு வெளியே, வெயில் விழும் பக்கம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். கால் வலி, தெருத் தெருவாக நடப்பதை விட்டுவிட்டாராம். நான் பல்பு, சிவப்பு, போன் டார்ச் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆர் 9 பற்றிச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு புத்தி இருந்தது. ஆயா கேட்டுக்கொண்டே கவளை மீனுக்குத் தண்ணீர் தெளித்தார்.

"லைட்டுல பாத்தீங்க. சரி. வெரலால அமுக்கிப் பாத்தியா?"

"இல்ல ஆயா."

"மோந்து பாத்தியா?"

"இல்ல."

"இருபது வருசமா உங்க வூட்டுக்கு மீன் குடுத்தேனே, அத நெனச்சிப் பாத்தியா?"

நான் பேசாமல் நின்றேன். இத்தனை மாதம் பல்பைப் பற்றியே யோசித்திருந்தேன். ஒரு எண்ணை வைத்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூட மனசுக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அன்று காலை அந்தச் சமையலறையில் விளக்கைத் தவிர வேறு ஆதாரமே இல்லாதது போலத்தான் நான் இதுவரை எழுதியும் வந்திருக்கிறேன். என் விரல் இருந்தது. அம்மாவுக்கு இல்லாத மூக்கு எனக்கு இருந்தது. ஆயாவின் இருபது வருஷம் இருந்தது. அந்த இருபது வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், செவுள் மங்கலாகத் தெரிந்தபோது முதலில் சந்தேகம் பல்பின் மேல் போயிருக்க வேண்டும். நல்ல பல்பு அவசியம்தான். ஆனால் நூற்றுக்கு நூறு வாங்கிய பல்பும் அந்த இருபது வருஷத்தைக் காட்டாது.

அரைக் கிலோ கவளை வாங்கினேன். விலை குறைக்கவில்லை, நானும் பேரம் பேசவில்லை. "அம்மாவ வரச் சொல்லு" என்றார். அம்மா இப்போது சனிக்கிழமைகளில் அங்கே போகிறாள். தார்ப்பாய் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெயிலில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, "இது எப்புடிக்கா?" என்று ஆயாவையே கேட்கிறாள்.